இளவரசியின் பெண் வீட்டார்

ஐரோப்பாவின் எந்த இளவரசிக்கும், சுவிட்சர்லாந்தில் எங்கள் வில் நகரத்துச் சலூன் அண்ணையைப் போன்ற ஒரு மெய்க்காவலர் வாய்த்ததில்லை. அவர் அந்த இளவரசியை நேரில் கண்டதில்லை. தமக்காக ஒருவர் கத்தரிக்கோலுடன் போராடுகிறார் என்பது இளவரசிக்கும் தெரியாது. இவையெல்லாம் காவலுக்கு ஒரு தடையா?

அவர் ஒரு சிற்றரசின் இளவரசி. பெயரை எழுதுவது முறையன்று. பிரபு ஒருவரை மணந்து தேனிலவிலிருந்து தனியே திரும்பினார். அடுத்து ஓர் ஓபராப் பாடகரோடு படகில் காணப்பட்டார். அதற்கடுத்து, அவருடைய பல் வைத்தியர். சலூனுக்கு வரும் ஜெர்மன் வார இதழ்கள் இதையெல்லாம் வண்ணப் படங்களோடு வெளியிட்டன. சனிக்கிழமைகளில் டெர்மின், அதாவது முடிவெட்ட வருவோரின் நேரம், குறித்துவைக்கும் வேலைக்குச் சேர்ந்த நான், இலக்கியம் படிப்பவள் என்ற குற்றத்துக்காக, அவற்றை உரக்கத் தமிழில் வாசிக்கவும் பணிக்கப்பட்டேன்.

அந்த வாசிப்பில் எனக்கும் ஓர் அக்கறை இருந்தது. பிரெஞ்சு பேசும் லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவரை நான் விரும்பியிருந்தேன். கோயில் தவறாத எங்கள் சைவ வீட்டில் அது எவருக்கும் தெரியாது. என் அப்பா இவ்வுலகில் செவிசாய்ப்பது ஒருவருக்குத்தான்: மாதந்தோறும் தம் தலையை ஒப்படைக்கும் சலூன் அண்ணைக்கு. ஆகவே இளவரசியின் ஒவ்வொரு காதலையும் வாசித்து முடித்ததும், கண்ணாடியில் அண்ணையின் முகத்தைக் கவனிப்பேன்.

ஒருமுறை, முடிவெட்ட வந்து நாற்காலியில் இருந்த ஒருவர், "இவள் இன்னும் எத்தினை பேரோட..." என்று தொடங்கினார்.

அண்ணை கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "அவ எங்கட பிள்ளை. மரியாதையாய்க் கதைச்சால் மற்றப் பக்கத்தையும் வெட்டுவன்."

வந்தவர் கண்ணாடியில் தம் பாதித் தலையைப் பார்த்தார். "தங்கமான பிள்ளை அண்ணை," என்றார்.

இளவரசியின் தோல்விகள் அனைத்துக்கும் அண்ணை கண்ட காரணம் ஒன்றே. "ஆரும் விசாரிக்கேல்லை! ராசா பட்டாளம் வைச்சிருக்கிறார். மாப்பிள்ளை எப்பிடி எண்டு நாலு இடத்தில விசாரிக்க ஒரு ஆளை வைச்சிருக்கேல்லை."

நான்காவது காதலர் டாவோஸில் பேக்கரி வைத்திருப்பவர் என்றும், அரண்மனை அவரைச் சந்திக்க மறுத்துவிட்டது என்றும் நான் வாசித்த அன்று, அண்ணையின் கை அந்தரத்தில் நின்றது. அகதியாக வந்த புதிதில் அவர் டாவோஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவியவர். பழைய கூட்டாளி இன்னும் அங்கேதான். உடனே தொலைபேசி எடுத்தார்.

"மச்சான், பேக்கரிக்காரன் ஒருத்தனாம். தெரியுமோ?"

"தெரியாமலோ! எங்கட குசினிக்குப் பாண் கொண்டு வாறவன்தானே."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "திங்கள் கடை பூட்டு. நீயும் வாறாய் பிள்ளை. என்ர ஜெர்மன் காதுக்கு மேல வெட்டுறதோ, கீழ வெட்டுறதோ எண்டு கேக்க மட்டுந்தான் காணும்."

திங்கட்கிழமை, கழுத்துப்பட்டி கட்டிய அண்ணையும் நானும் டாவோஸ் ஹோட்டல் குசினியின் பின்வாசலில் பனியில் நின்றோம். புருவமெல்லாம் மாவோடு, பாண் கூடையைச் சுமந்து வந்த நெடிய மனிதர் எங்களைக் கண்டதும் முகம் சுளித்தார். பத்திரிகைக்காரரோடு தமக்குப் பேச்சில்லை என்று திரும்பி நடந்தார்.

"பேப்பர்காரர் இல்லையெண்டு சொல்லு பிள்ளை! நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர்!"

என் கல்வி எனக்குக் கற்பித்தது துல்லியம் ஒன்றையே. துல்லியமாக மொழிபெயர்த்தேன். அவர் நின்றார். எங்கள் இருவரையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு கூடையை இறக்கி, கையைத் துடைத்து, தொப்பியைக் கழற்றினார்.

"குடிக்கிறவரோ?"

ஞாயிறன்று ஒரு கிளாஸ் வைன் என்றார்.

"கோவம் வருமோ?"

மாவு பொங்காத நாள்களில் வரும் என்றார்.

"தாயை ஆர் பாக்கிறது?"

தாய் தம்மோடுதான் இருக்கிறார் என்றார். அண்ணை கண்களை மூடித் திறந்தார். "எங்கட பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாது. வளர்ப்பு அப்பிடி. பிறகு குறை சொல்லக்கூடாது எண்டு சொல்லு."

சமையல் தம் பொறுப்பு என்ற பேக்கரிக்காரர், குரலைத் தாழ்த்தினார். இளவரசியின் பக்கத்திலிருந்து இதுவரை ஒருவர்கூடத் தம்மிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லையாம். "உங்களுக்குச் சம்மதமா?"

"முழுச் சம்மதம்!" என்று அண்ணை அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். பேக்கரிக்காரர் மாவுக் கையால் கண்ணைத் துடைத்து முகத்தை இன்னும் வெள்ளையாக்கிக்கொண்டார். எங்களுக்கு ஆளுக்கொரு பாண் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. "அண்ணை, எனக்கும் ஒருத்தர் இருக்கிறார்," என்றேன். பெயரையும் ஊரையும் தொழிற்சாலையையும், கடைசியாக, எந்தத் தேவாலயம் என்பதையும் சொன்னேன். அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வில் வரும்வரை தம் பாணை மடியில் வைத்தபடியே இருந்தார். பயத்தில் என் பாணை முழுவதும் தின்று தீர்த்தேன். அந்தச் சனிக்கிழமை அவர் என்னை வாசிக்கவும் சொல்லவில்லை.

திங்கள் மதியம் லா ஷோ-து-ஃபோனிலிருந்து அழைப்பு வந்தது.

"இஞ்ச பாக்டரி வாசலில ஒருத்தர் டை கட்டிக்கொண்டு நிக்கிறார். காவல்காரனட்டயும் என்னைப் பற்றித் தமிழிலயே விசாரிச்சவராம். ஆர் இவர்?"

"எங்கட ஆள்தான்," என்றேன். "கேக்கிறதுக்கெல்லாம் வடிவாய்ப் பதில் சொல்லுங்கோ."

பிரெஞ்சில் ஒரு சொல்லும் அறியாத மனிதர், எனக்காக ரயில் மாறி ரயில் மாறி, அவ்வளவு தூரம் தனியே போயிருந்தார்.