தோற்பதற்காகச் சமைத்த நான்கு நாட்கள்

என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். பொறாமையெல்லாம் இல்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அவள் அடுத்தவர் கையில் ஊசி குத்துகிறாள். நான் அடுத்தவர் கையில் என் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேரில் யார் பெரியவர் என்ற பேச்சே எங்கள் வீட்டில் வந்ததில்லை. வந்தால் யார் ஜெயிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

பிரச்சினை நேரம்தான். இதுவரை அவள் காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் போய் மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவாள். ஆறரைக்கு நான் வந்து கையைக் கழுவினால் சாப்பாடு சுடச்சுட மேஜைமேல் இருக்கும். பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவி ஆகிவிட்டால் திங்களிலிருந்து வியாழன் வரை வீடு திரும்ப ஏழரை ஆகும். அப்புறம் மூன்று நாள் முழு லீவு. கேட்டவர்கள் எல்லோரும் "பிரமாதமான ஏற்பாடு" என்றார்கள். அந்த நான்கு நாள் இந்த மனிதன் வயிறு என்ன ஆகும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

நானே கேட்டேன்.

"நாலு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வழி?"

"நீங்க சமைங்க."

"நானா? எனக்கு வெந்நீர்கூட ஒழுங்கா வைக்க வராதே!"

"வெந்நீரெல்லாம் வேண்டாம். காலைல நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் போதும். மிச்சத்தை இது பாத்துக்கும்."

சமையல் மேடையில் புதிதாக ஒன்று வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கனத்த பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, முன்னால் ஒரு குமிழ். ஸ்லோ குக்கராம். காய்கறியை வெட்டி உள்ளே போட்டு, குமிழைத் திருப்பிவிட்டு வேலைக்குப் போய்விடலாமாம். எட்டு மணி நேரம் கழித்து வந்து திறந்தால் சாப்பாடாம்.

"எட்டு மணி நேரமா? அதுக்குள்ள நான் நாலு பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக் கொடுத்துடுவேனே!"

"அதைத்தான் சொல்றேன். நீங்க அதைப் பாருங்க. இது இதைப் பாக்கட்டும்."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எனக்கு நன்றாக வருகிற ஒரே வேலை அது. அவள் சண்டைக்கு வரவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, பிடிவாதம் வேண்டாம். அடுத்த வாரம் திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் நீங்க சமைச்சுப் பாருங்க. நாலுல ஒரு நாள் வாயில வைக்க முடியலன்னாலும் அந்தப் பதவி வேண்டாம்னு நானே சொல்லிடறேன். வியாழக்கிழமைதான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெடுக்கத் தெரியாதா? அதற்குப் பயிற்சி வேண்டுமா? ஒரே ஒரு நாள் கெட்டால் போதும். எனக்கு நான்கு நாள் கொடுத்திருக்கிறாள்!

தீர்ப்பு சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றேன். அவளும் ஒப்புக்கொண்டாள். எதிர் வீட்டு மீட்டர்காரரைச் சிபாரிசு செய்தேன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. இப்போது தனி ஆள். மீட்டரில் இருப்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். பாராட்டு என்பது அவர் வாயில் வராது. தன் கல்யாண விருந்தையே "பரவாயில்ல" என்றவர். இப்படி ஒரு நீதிபதி கிடைத்தால் எந்தக் குற்றவாளிக்குத்தான் ஜெயித்துவிடுவோமோ என்ற கவலை இருக்கும்?

திங்கட்கிழமை காலை. அவள் ஆறு மணிக்கே போய்விட்டாள். நான் ஸ்லோ குக்கரோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே 'புதிதாகச் சமைப்பவர்களுக்கு' என்று தலைப்பு. கெட்டியான காய்கறிகளைச் சட்டியின் அடியில் போடவும். ஒரே அளவாக வெட்டவும். தண்ணீர் குறைவாக ஊற்றவும், ஏனென்றால் அது ஆவியாகிப் போகாது. சமைக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

எவ்வளவு உதவியான புத்தகம்! எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாக மேலே வைத்தேன். தண்ணீரை விளிம்புவரை ஊற்றினேன். உப்பு டப்பாவை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்துவிட்டேன். விசில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாலை படியேறும்போதே மூக்கைத் துளைத்தது வாசனை. யார் வீடு என்று பார்த்தால் எங்கள் வீடு. என் மனைவி நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்தேன். உருளைக்கிழங்கு தோல் இல்லாமல், துண்டு துண்டாக, கெட்டியான குழம்பில் மிதந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். உப்பு கச்சிதம்.

"இதை நீ திறந்தியா?"

"மூடியைத் திறக்கக் கூடாதுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கே!"

"தோலோட போட்டேனே?"

"எட்டு மணி நேரம் வேகுது. தோல் என்ன, எலும்பே கரைஞ்சிடும்."

மீட்டர்காரர் வந்தார். சாப்பிட்டார். "பரவாயில்ல" என்றார். அவர் அகராதியில் அது நூற்றுக்கு நூறு.

செவ்வாய்க்கிழமை விளையாட்டில்லை என்று முடிவு செய்தேன். உப்பைக் கரண்டியால் போடாமல் கையால் அள்ளிப் போட்டேன். ஒரு பிடி, இன்னொரு பிடி. மனசாட்சி உறுத்தியது. அதற்கும் ஒரு பிடி போட்டேன். பத்து மிளகாயைக் கிள்ளிச் சேர்த்தேன். அன்று கற்றுக்கொள்ள வந்த அம்மாள் என் காரை மின்கம்பத்தில் இடிக்கப் போனபோதுகூட நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

மாலை மீட்டர்காரர் தன் தட்டைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். முதல் கவளத்தை வைத்தார். கண்ணை மூடினார். 'சரி, மயக்கம் போடப் போகிறார்' என்று தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினேன்.

"சார்," என்றார். "நல்லா இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்க. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குக் கைப்பக்குவம் இருக்கு."

இதுதான் நான் சறுக்கிய இடம். தோற்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக ஒரு மனிதர், அதுவும் எதையுமே பாராட்டாத மனிதர், எனக்குக் கைப்பக்குவம் இருக்கிறது என்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

மூன்று பிடி உப்பு எங்கே போனது என்ற கேள்வி படுக்கும்போது வரத்தான் செய்தது. ஒருவேளை சில பேர் கை பட்டால் உப்பும் அளவோடு நடந்துகொள்ளும் போலிருக்கிறது என்று பதில் சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

புதன்கிழமை கடமைக்குக் கெடுத்தேன். வெங்காயத்தை உரிக்காமல் போட்டேன், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன், அவ்வளவுதான். மனம் அதில் இல்லை. மாலை அது அமிர்தமாக இருந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கிளட்சைப் பற்றிப் பேசுவதை விட்டுக் கேரட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒருத்தர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை என்ன செய்தேன் தெரியுமா? ஐந்தரைக்கே எழுந்து ஒழுங்காகச் சமைத்தேன். ஆமாம், ஒழுங்காக. புத்தகத்தை மேடையில் சாய்த்து வைத்து, வரிக்கு வரி படித்து, உப்பை அளந்து, கேரட்டை ஒரே அளவாக வெட்டி, அழகாக இருக்கட்டும் என்று மேலே அடுக்கினேன். கெடுத்தாலே இவ்வளவு ருசி என்றால், மனசு வைத்துச் சமைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? திட்டம், சபதம், ஆறரை மணிச் சுடுசோறு எல்லாம் காற்றில் போய்விட்டது.

அன்றைய சாப்பாட்டுக்கு மீட்டர்காரர் நான்கு தரம் தட்டை நீட்டினார். என் மனைவி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னிக்குத்தான் பதில் சொல்லணும். நல்லா யோசிச்சுக்குங்க. இனிமே வாரா வாரம் நாலு நாள் நீங்கதான் சமைக்கணும்."

"யோசிக்க என்ன இருக்கு? இதெல்லாம் ஒரு வேலையா?"

"அவர் முன்னாடி சொல்லுங்க."

"எதிர் வீட்டுக்காரரே, நல்லாக் கேட்டுக்குங்க. இனிமே நாலு நாளும் என் சமையல். வேணும்னா நீங்களும் தினம் வாங்க!"

அவள் பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகம் அப்படிச் சிவந்திருந்தது. அவள் அந்தப் பதவிக்கு எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைக் கெடுக்கவா பார்த்தோம் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நல்லவேளை, என் திறமை என் புத்தியைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை. தலைவி ஆறு மணிக்குப் போய்விட்டாள். நான் பாட்டுப் பாடிக்கொண்டே சமையலை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. அன்று ஓட்ட வந்த ஐந்து பேரையும் என் தெரு வழியாகவே ஓட்ட வைத்தேன். "இங்க பார்க்கிங் பழகுங்க" என்று சொல்லிவிட்டு, மாடியேறிப் போய் மூடியைத் திறந்து, வாசனை பிடித்து, ஒரு கிளறு கிளறி, திரும்ப மூடிவிட்டு வருவேன். ஐந்து பேர், ஐந்து தடவை.

மாலை மூடியைத் திறந்தேன். வெதுவெதுப்பான தண்ணீருக்குள் காய்கறிகள் காலையில் நான் வெட்டிய அழகு குலையாமல் இருந்தன. கேரட்டில் குத்திய முள்கரண்டி வளைந்தது.

மீட்டர்காரர் ஒரு கேரட்டைக் கடித்தார். சத்தம் எனக்கே கேட்டது. மெதுவாகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வயசாயிடுச்சு சார். பல்லு முன்ன மாதிரி இல்ல."

ஏழரைக்கு அவள் வந்தாள். நான் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"போன வாரம் நல்லா வந்துச்சே!"

"வந்துச்சு."

"அதே சட்டி, அதே கை!"

"ரெண்டும் அதேதான். மூணு மணிக்கு வீட்டுக்கு வர்ற ஆள்தான் இன்னிக்கு வரல."

எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. டிரைவிங் ஸ்கூல்காரனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும்.

"நாலு நாளும் நீதான் சமைச்சியா? மூடியைத் திறக்கலன்னு சொன்னியே!"

"நான் எப்ப சொன்னேன்? திறக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்குன்னுதான் சொன்னேன்."

"இது மோசடி! இப்பவே எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிடறேன். எல்லாத்தையும் சொல்றேன்!"

"தாராளமா. அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க."

ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே நான்கு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைச் சீட்டு. ரத்தக் குப்பிகளில் ஒட்டுவாளே, அதே மாதிரி. அதே சின்னக் கையெழுத்து.

திங்கள். தண்ணீர் நான்கு மடங்கு. உப்பு இல்லை. காரணம்: கைத்தவறு அல்ல.

செவ்வாய். உப்பு மூன்று பிடி. மிளகாய் பத்து. காரணம்: கைத்தவறு அல்ல.

புதன். வெங்காயம் தோலோடு. சர்க்கரை இரண்டு கரண்டி. காரணம்: கைத்தவறு அல்ல.

வியாழன். கேரட்டை மேலே போட்டதால் வேகவில்லை. காரணம்: உண்மையான முயற்சி. முன்னேற்றம் தெரிகிறது.

வியாழக்கிழமைச் சீட்டை நான் இரண்டு முறை படித்தேன். ஏனோ சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் மற்ற மூன்று சீட்டையும் யாராவது படித்தால் இந்தக் கட்டடத்தில் நான் தலைநிமிர்ந்து படியேற முடியாது.

"எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். பாவம், பல்லு சரியில்லையாம்."

"அப்ப நாளைக்கும் நீங்கதானே?"

"நானேதான்."

"மூடியைத் திறக்காதீங்க."

"திறக்க மாட்டேன்." மெதுவாகக் கேட்டேன். "சரி, இப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றது? பசிக்குதே."

"எனக்குக் கேன்டீன்லயே ஆச்சு. உங்களுக்குத்தான் நாலு டப்பா இருக்கே," என்று அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். "எந்தக் கிழமையைச் சூடு பண்ணட்டும்?"