நூற்று அறுபத்து நான்கு அடி என்றால் எத்தனை மீட்டர்?

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி விளையாட்டு வர்ணனையாளர் அவர்களுக்கு,

துணிக்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் தாங்கள்தான்.

நேற்று மாலை ஈட்டி எறிதலில் மஞ்சள் பனியன் போட்டு ஐந்தாவதாக வந்த பெண் என் மகள். கடையில் வந்து உட்காரம்மா என்றால், ஈட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறவள். போன மாதம் மீட்டர் கோலை மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "அம்பது மீட்டர் எறி, உன் இஷ்டப்படி விளையாடு. ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான், கடைக்கு வந்துடணும்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டேன். அவளும் சரியென்று போனாள்.

தாங்கள் என்ன செய்தீர்கள்? அவள் ஓடி வந்தது முப்பது மீட்டர் என்றீர்கள். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் என்றீர்கள். ஈட்டியைக் கிராமில் சொன்னீர்கள், காற்றை மைலில் சொன்னீர்கள். சரி, வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று பொறுத்துக்கொண்டேன். ஈட்டி கிளம்பியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன், அதை மறைப்பானேன். அது தரையில் குத்தி நின்றதும், "நூற்று அறுபத்து நான்கு அடி! கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர்!" என்று கத்தினீர்கள். திரையில் எண் வரும் இடத்தில் சோப்பு விளம்பரம். ஐயா, கிட்டத்தட்ட என்று ஒரு அளவு உண்டா? கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் என்று நான் துணி கிழித்தால் சும்மா விடுவார்களா? முப்பது வருடமாக அளக்கிறேன், ஒரு நூல் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நாற்பத்தொன்பது மீட்டர், தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர், கொசுறாக ஏழு மில்லிமீட்டர். ஒன்றேகால் சென்டிமீட்டர் குறைச்சல். சொன்ன சொல் சொன்னதுதான் என்று மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன். என் மனைவி, "வர்ணனை பண்றவரு குத்துமதிப்பா சொன்னதுக்கு நீங்க மில்லிமீட்டர் பாக்கறீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். மகளிடமிருந்து அவளுக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி: "அப்பா பாத்தாரா?" அதற்கப்புறம் போனில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது. ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள்.

அதற்குள் எதிர்க்கடைத் தச்சர், "எதுக்குண்ணே சண்டை? தெருவுல அளந்தே பாத்துடுவோம்" என்று டேப்போடு வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் அடிக்கணக்கு. எங்கள் கடை வாசலிலிருந்து நூற்று அறுபத்து நான்கு அடி அளந்து, மருந்துக்கடைப் படியோரம் சாக்பீஸால் கோடு போட்டார். நான் குனிந்து மீட்டர் கோலை வைத்து வைத்து எண்ணிக்கொண்டே போனேன். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கோட்டுக்கு வந்தபோது எண்ணிக்கை ஐம்பத்தொன்று. திரும்பவும் எண்ணினேன். ஐம்பத்தொன்றுதான். உங்க டேப் இழுத்துப்போச்சுய்யா என்றேன். வந்ததே கோபம் அவருக்கு! "இரும்பு டேப்புண்ணே, என்ன ரப்பரா? உங்க கடைக் கதவே இதுல அளந்து செஞ்சதுதான்!" என்றார். அந்தக் கதவு மழைக்கு மூடுவதில்லை, அது வேறு விஷயம். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை, வீட்டிலும் பேச்சில்லை. காகிதத்தில் ஐம்பதுக்குக் கீழே, தெருவில் ஐம்பத்தொன்று. எல்லாம் தாங்கள் இழுத்துவிட்ட வம்பு.

ஆகவே, என் மகள் எறிந்தது எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் என்று நாளைக் காலை ரயில் வருவதற்குள் தெரிவிக்கவும். இனி தொலைக்காட்சியில் அடி, அங்குலம், மைல் என்ற பேச்சே கூடாது.

தங்கள் குரல் கட்டாமலிருக்க வேண்டிக்கொண்டு,
துணிக்கடைக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி தன் தையல் டேப்பைக் கொண்டுவந்து மீட்டர் கோலின் மேல் வைத்தாள். தொண்ணூற்றெட்டு. முப்பது வருடமாக மேஜையில் தட்டித் தட்டி முனை தேய்ந்திருக்கிறது. "கோல் சரின்னா பொண்ணு அம்பத்தொரு மீட்டர் எறிஞ்சிருக்கா. கோல் தப்புன்னா, இத்தனை வருஷமா துணி வாங்கின எல்லாருக்கும் மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் வெட்டிக் குடுங்க. எது வசதி?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். என் மகள் எறிந்தது ஐம்பத்தொரு மீட்டர். அதைச் சொல்ல நானே காலையில் ரயில் நிலையத்துக்குப் போகிறேன். தங்கள் பதில் வேண்டாம். தாங்கள் அடியிலேயே சொல்லிக்கொண்டிருங்கள், மீட்டர் பேச்சை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.