சம்பந்திக்கு எழுதிய ராஜா காலத்துப் பிரெஞ்சு

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் உடல் நலம். மன நலம் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே தங்கள் பழைய புத்தகக் கடையும் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன?

விஷயம் என்னவென்றால், என் மகள் ஒரு பிரெஞ்சுக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றதும், தாங்கள் பாசத்தோடு ஒரு தமிழ்-பிரெஞ்சு அகராதி அனுப்பினீர்கள் அல்லவா? "பழைய சரக்கு மாப்ளே, கெட்டியா இருக்கும்" என்று வேறு சொன்னீர்கள். தராசுக்கு முத்திரை போடும் ஆபீசராகக் காலம் தள்ளிய நான், எடைக்கல் தேயும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், சொல்லும் தேயும் என்று யோசிக்கவில்லை. தங்கள் அகராதியை நம்பிப் பையனின் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அந்த அம்மா பல் டாக்டர். பெண்ணை முறையாக விரும்பி வருபவனுக்கு 'அமான்' என்று போட்டிருந்தது, போட்டேன். ஆபரேஷன் முடிந்து தளர்ந்திருக்கும் அவர் கணவரை விசாரிக்க வேண்டுமே என்று தளர்ந்தவருக்கு என்ன சொல் என்று தேடினேன். 'இம்பெசில்' என்றிருந்தது, அதையும் போட்டேன். அதெல்லாம் ராஜா காலத்துப் பொருளாம் மச்சான். இன்றைய பேச்சில் அந்த அம்மா படித்தது இதுதான்: "உங்கள் மகன் என் மகளின் கள்ளக்காதலன் என்பதில் எங்கள் குடும்பமே பெருமைப்படுகிறது. உங்கள் மடையக் கணவர் இப்போது எப்படி இருக்கிறார்?"

மகள் போனில் அழுதாள். "அப்பா, இப்ப யாருப்பா இப்படிப் பேசறாங்க? அவங்கம்மா கல்யாணமே வேண்டாங்கறாங்க!" ஒரே பெண், நான் எழுதிய இரண்டு வார்த்தையால் அவள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று பயந்துபோனேன். தங்கள் தங்கையோ என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் டணாரென்று பேசியது.

சரி, முகத்தைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று வீடியோ காலில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னை வாயைத் திறக்க விட்டால்தானே! பொரிந்து தள்ளிக்கொண்டே போனார். எனக்கும் ரோஷம் உண்டு மச்சான். பார்த்தாலே குலை நடுங்க வைக்கிறவருக்கு அகராதியில் படித்த சொல் ஞாபகம் வந்தது. "மதாம், நீங்க ஃபொர்மிதாப்ள்!" என்று போட்டு உடைத்தேன். தொலைந்தது சம்பந்தம் என்று நினைத்தேன். பார்த்தால் அந்த அம்மா அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறார், கண் கலங்குகிறார், மடையக் கணவரைக் கூப்பிட்டு என்னைக் காட்டுகிறார். அதே வீடியோ காலில் இருந்த மகள் துள்ளினாள். "அப்பா, அவங்களைப் பிரமாதம்னு சொல்லிட்டீங்க!" அந்தச் சொல்லும் மாறிவிட்டதாம். "பின்னே, அதைத்தானே சொல்ல வந்தேன்" என்று சாதித்துவிட்டேன். உண்மை தங்களோடு இருக்கட்டும்.

ஆக, கல்யாணம் உறுதி. தங்கள் தங்கையும் பேசத் தொடங்கிவிட்டாள், என்னைத் திட்டத்தான் என்றாலும் காதுக்கு இனிமையாக இருக்கிறது. குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துவிடுங்கள். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், தங்கள் மூட்டுக்கு என் அனுதாபம்.

என்றும் தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: டிக்கெட் எடுக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சம்பந்தியம்மாவிடமிருந்து பதில் வந்தது. என் மேல் வந்த மரியாதையில் அவரும் எங்கேயோ ஒரு பழைய தமிழ் அகராதியைப் பிடித்து, தம் கைப்படத் தமிழில் எழுதியிருக்கிறார்: "உங்கள் மகள் வந்து போன நாள் முதல் எங்கள் வீடெங்கும் அவள் நாற்றம். என் கணவர் அதை இன்னும் மறக்கவில்லை." தங்கள் தங்கைதான் முதலில் பிரித்துப் படித்தாள். "அந்தக் காலத்துல நாற்றம்னா நல்ல வாசனைம்மா" என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "என் பொண்ணு நாறுறாளாமா? இந்தக் கல்யாணம் நடந்துடுமா பார்க்கறேன்!" என்று கத்திவிட்டு, அந்த அம்மாவை நேரிலேயே நாலு கேள்வி கேட்கப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். இவளுக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நிம்மதியாக இருக்கலாம் என்றால், அந்த அம்மாவுக்குத்தான் தமிழ் தெரிந்துவிட்டதே மச்சான்!