ஆக்சிலேட்டர் அண்ணனும் ஆன்லைன் லாட்டரியும்

ஆக்சிலேட்டர் அண்ணன் ஓரிடத்தில் நின்று பார்த்தவர்கள் போடிநாயக்கனூரில் யாரும் கிடையாது. அப்படிப் பார்த்ததாக யாராவது சொன்னால், அவர் பார்த்தது வேறு ஆளை.

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் அவருடையது. காலையில் வேலைக்குப் போகிறவர்களை மலையில் கொண்டு போய் இறக்குவார், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். நடுவில் சும்மா இருக்க வேண்டிய பொழுதுதான் அவருக்குத் தாங்காது. டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் நடக்க ஆரம்பித்துவிடுவார். கடைக்காரர் தன் கிளாஸ்களை பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார். ஒருமுறை சலூனில் பாதி முகம் மழித்திருந்தபோது வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. எழுந்து போனவர், மீதி முகத்தைப் பக்கத்து ஊரான தேவாரத்தில் மழித்துக்கொண்டார். கல்யாண மேடையிலேயே ஐயரிடம், "வெரசா முடிங்க சாமி, மேட்டுல லோடு நிக்கிது" என்று அவசரப்படுத்தினாராம். அந்த லோடு, பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள்.

நான் அப்போது போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் பில் போடும் வேலையில் இருந்தேன். எங்கள் கடையில் காய் தரம் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி முருகேஸ்வரி அக்கா. ராசிங்காபுரத்துக்காரர். ஒற்றை ஆளாக மகளை வளர்த்து, நர்சிங் படிக்க வைக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலை அந்த அக்கா என் மேஜைக்கு வந்து செல்போனை நீட்டினார்.

"தம்பி, இத நம்பலாமா?"

ஆன்லைன் லாட்டரி. எல்லைக்கு அந்தப் பக்கம் விற்கிற சீட்டை வீட்டிலிருந்தே வாங்கலாம், நம்பர் கட்டலாம் என்று போட்டிருந்தது. பூட்டுப் படம் இருந்தது. வட்ட முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தது. பரிசு வாங்கியவர்கள் என்று வரிசையாகச் சிரித்த முகங்கள். அதில் ஒருவர் இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா முதலில் கொஞ்சம் கட்டியிருக்கிறார், அது பெருகித் திரும்பி வந்திருக்கிறது. பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கட்டியிருக்கிறார். இப்போது பெரிய பரிசு விழுந்திருக்கிறதாம். அதைக் கையில் வாங்க வேண்டுமானால் முதலில் வரி கட்ட வேண்டுமாம். கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்டவர், போகிற வழியில் என்னிடம் கேட்க வந்திருந்தார்.

"வரிய அந்தப் பரிசுலயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுக்கலாமேக்கா? குடுக்குறவன் எதுக்கு நம்மகிட்ட வாங்குறான்?" என்றேன். இரண்டு பெயர்க்காரரையும் காட்டினேன்.

"ரெட்டப் புள்ளைகளா இருக்கும்" என்றார் அக்கா. "மொதத் தடவ குடுத்தான்ல? ஏமாத்துறவன் குடுப்பானா?"

நான் எவ்வளவு சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் பரிசு ரத்து என்று வேறு மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. வாசலுக்கும் மேஜைக்குமாக அலைந்தார். அவர் அலைவதைப் பார்த்து எனக்கும் நிலைகொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆக்சிலேட்டர் அண்ணன் உள்ளே வந்தார். வந்தார் என்பதைவிடக் கடந்து போனார் என்பது சரி. முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுவதற்குள் விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, மறுபடி முன்வாசலில் தோன்றினார்.

"ஆபீசு எங்கன போட்டிருக்கான்?"

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விலாசம் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற ரோட்டில் ஒரு கட்டடம்.

"அம்புட்டுத்தானா? இந்தா இருக்கு. நேர்ல போயி வாங்கிட்டு வந்துருவோம். ஏறு ஆத்தா. மாப்ளே, நீயும் ஏறு."

முதலாளியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் ஊரைத் தாண்டியிருந்தது. மலை வளைவுகளில் அவர் ஓட்டுகிற அழகைச் சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாது. மேட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கூடவே மூடுபனி. வண்டியின் மூக்கு எனக்குத் தெரியவில்லை. பூப்பாறை நெருங்கும்போது சிக்னல் கிடைத்தது. அக்காவின் போனிலிருந்தே லாட்டரிக்காரர்களின் கஸ்டமர் கேருக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார் அண்ணன்.

"வணக்கம் சார், எப்படி உதவலாம்?"

"ஆபீசுக்குத்தாம்ப்பா வந்துக்கிட்டிருக்கோம். எத்தன பேரு இருக்கீக? வட வாங்கிட்டு வாறேன்."

"சார், நேர்ல வர அனுமதி இல்லை."

"வெளியவே நின்னுக்கிறோம். சன்னல் வழியாக் குடு. பூப்பாறை ரோடுதான?"

"ஆமா சார்."

"அங்கிட்டு மழையா, வெயிலா?"

"நல்ல வெயில் சார். செம சூடு."

வைப்பர் போதாமல் அண்ணன் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பார்வையை வெளியே திருப்பிக்கொண்டு, "ஏசி ரூமுக்குள்ள இருப்பாக. மழை தெரியாதுல்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது.

விலாசத்தில் இருந்தது ஏலக்காய் உலர்த்துகிற ஒரு கொட்டகை. வாசலில் நின்ற மலையாளிப் பெரியவர் எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. "லோட்டரியாணோ?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினோம். "இரிக்கு. சாயா குடிக்கு" என்று ஒரு பெஞ்சைக் காட்டினார். எங்களைப் போல் வருகிறவர்களுக்காகவே அதைப் போட்டு வைத்திருக்கிறாராம்.

அக்கா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "காசு போனாப் போகுது. இந்த வயசுல இப்பிடி ஏமாந்தேன்னு மக மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

அண்ணன் ஜீப்பைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். ஒரு காரணமும் இல்லாமல் பானெட்டைத் திறந்து மூடினார். பிறகு சட்டென்று வந்து நின்றார்.

"எதுக்கு ஆத்தா அழுகுற? நானும்தான் இதுல கட்டுனேன். ஒன்னயவிட ரெண்டு மடங்கு. அந்தப் பயலக் கண்டுபிடிக்கத்தான் இம்புட்டு வெரசா வந்தேன். நாம ரெண்டு பேருமே ஏமாந்தவுகதான், விடு."

அக்கா அழுகையை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவாண்ணே?"

"பின்ன? போன்லதான் கட்டுனேன்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆட்டியும் காட்டினார். அது பட்டன் போன். அதில் இன்டர்நெட் என்ன, பாதி எண்களே வேலை செய்யாது. நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் என் காலை மிதித்தார்.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. மகள் நர்சிங் சேர்ந்த அன்று கொண்டு போய் விட்டதும் அந்த ஜீப்தான். ரொம்ப நாள் கழித்து, பட்டன் போன் விஷயத்தை அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

"அது அப்பவே தெரியும் தம்பி" என்றார். "எனக்காகத்தான் சொல்றாருன்னு கேட்டுக்கிட்டேன்."

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். போன வாரம் என் செல்போனுக்கும் பரிசு விழுந்திருப்பதாக ஒரு செய்தி வந்தது. பொய் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அண்ணனுக்குப் போன் போட்டு முழுவதையும் வாசித்துக் காட்டி, "இத நம்பலாமாண்ணே?" என்று கேட்டேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் திட்டத் தொடங்கினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.