பூனை மாஸ்டரும் சாகாத குதிரைகளும்

உலகத்தில் செஸ் காய்களுக்காகப் பரிந்து பேசிய ஒரே மத்தியஸ்தர் எங்கள் பூனை மாஸ்டராகத்தான் இருப்பார். கிளிநொச்சிப் பக்கம் எந்த மண்டபத்தில் போட்டி நடந்தாலும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுனிக்காலில் உலாவுவார். ஆள் பின்னால் நிற்பது காதில் மூச்சுப் படும்போதுதான் தெரியும். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய மனைவிகூட ஒருநாள் வாசலில் வந்து, பூனை போய்விட்டாரா என்று கேட்டதாகக் கதை.

செஸ் அமைதியான விளையாட்டு என்று சொல்பவர்கள் பத்து வயதுக்குட்பட்ட பிரிவைப் பார்த்ததில்லை. ஒருவன் மேசைக்குக் கீழே உதைப்பான். ஒருத்தி முறுக்குக் கடிப்பாள், அதுவும் எதிராளி யோசிக்கும் நேரம் பார்த்து. நகர்த்தி முடித்ததும் ஆட்ட மணிக்கூட்டில் குத்துகிற குத்தில் காய்கள் துள்ளும். இந்தக் கூட்டத்துக்குத் தலைவி என் மகள் ஆரணி. அந்த வாய் என்னிடமிருந்துதான் போனது, மறைக்க ஒன்றுமில்லை.

மற்ற மத்தியஸ்தர்கள் காதைத் திருகுவார்கள், தாய் தகப்பனைக் கூப்பிட்டு ஏசுவார்கள். பூனை மாஸ்டர் மேசையோரம் குந்தி, காதுக்குள் ஏதோ சொல்வார். பிள்ளை காய்ச்சல் வந்ததுபோல் அடங்கிவிடும். அப்படி என்னதான் சொல்கிறார் என்று ஆரணியிடம் கேட்டேன். அவளுடைய ராசா இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லையாம், கொஞ்சம் கண்ணயர விடட்டாம்.

ஆனால் ஒரு குற்றத்துக்கு மட்டும் அவரிடம் இரக்கமே கிடையாது. எங்கள் பிள்ளைகள் காயை வெட்டினால் "செத்தது" என்று கத்துவார்கள். குதிரை செத்தது, மந்திரி செத்தது, கோட்டைகூடச் செத்தது. அந்தச் சொல் விழுந்தால் மாஸ்டர் மண்டபத்தின் மறுகோடியில் இருந்தாலும் வந்துவிடுவார். செத்தது என்று சொல்லக் கூடாது, "வெளியில நிக்குது" என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் எச்சரிக்கை. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று வவுனியாவிலிருந்து வந்த ஒரு தகப்பன் சண்டைக்குப் போனார். அவருக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது.

பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டோவில் அடிபட்ட கோழி வெளியில் நின்றது. சரித்திரப் பரீட்சைத் தாளில் ஒரு மன்னர் போர்க்களத்தில் வெளியில் நின்றார். ஒரு செத்தவீட்டில் என் மகள், பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரிடம் போய், தாத்தா எப்போது வெளியில் போனவர் என்று கேட்டாள். நான் சிரிப்பை மறைக்க லேஞ்சித் துணியை வாயில் வைத்து அழுவதுபோல் நடித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்துதான் அவளுக்கு விசயத்தைச் சொன்னேன். மாஸ்டரின் ஒரே மகன், சண்டை முடிந்த நாட்களில் முள்ளிவாய்க்காலில் இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன். ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் எவருமில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை மாஸ்டர் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். என் வாயாடி அன்று செஸ் பெட்டியில் காய்களை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கிவிட்டுத்தான் படுத்தாள்.

போன வருடம் மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். வென்றால் ஆரணி மாகாணப் போட்டிக்குப் போவாள். அதற்காகக் கார்ட்டூன் பார்ப்பதைக்கூட விட்டிருந்தாள். ஆனால் வாயை விடவில்லை. பாட்டுப் பாடி ஒரு எச்சரிக்கை, மணிக்கூட்டில் குத்தி இன்னொன்று. மூன்றாவது வாங்கினால் ஆட்டம் போய்விடும். எதிரே இருந்த பெடியன் அந்த வருடம்தான் வெளியிடத்திலிருந்து வந்தவன், எங்கள் வழக்கம் தெரியாதவன். ஆரணியின் பக்கம் நல்ல பலமாக இருந்தது. அவன் அவளுடைய சிப்பாய் ஒன்றை வெட்டினான்.

"செத்தது," என்றான். மாஸ்டர் பக்கத்து மேசையில் ஒரு தகராறைத் தீர்த்துக்கொண்டு நின்றார். ஆரணி நகர்த்தியதும், அவர் திரும்புவதற்குள் அவன் அடுத்த சிப்பாயையும் எடுத்தான். "இதுவும் செத்தது."

ஆரணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "அப்பிடிச் சொல்லாதையடா. மாஸ்டருக்குக் கேக்கும்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் நுனிக்காலில் வந்தார். பிறகு பெடியனுக்கு முதல் எச்சரிக்கையும் ஆரணிக்கு மூன்றாவதும் கொடுத்து, மணிக்கூட்டை நிறுத்தினார். யன்னலில் நின்ற எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்கு அவர் எங்களைத் தேடி வந்தார். ஆரணிக்கு முன்னால் குந்தினார்.

"பிள்ளை, நீ தோத்தது தோத்ததுதான்."

"ஓம் மாஸ்டர்."

"ஆனா இனியும் ஆராவது அப்பிடிச் சொன்னா, நீ சொல்லு. மெல்லமாச் சொல்லு."

அவள் தலையாட்டினாள். அந்த மனிசனை அப்படியே சைக்கிளில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நேரச் சோறு போட வேண்டும்போல் எனக்கு இருந்தது.