பன்னிரண்டாம் பைட்டைப் பார்க்கவும்

நாகரிக உலகம் இன்று எதன் மேல் நிற்கிறது என்று யாராவது கேட்டால், கூச்சமில்லாமல் சொல்வேன்: என் மேல். இன்னும் துல்லியமாகச் சொன்னால், 'சி' என்ற கணினி நிரல்மொழியின் அடிப்படை நிரல் நூலகத்தில் நான் எழுதிய எழுபத்தொரு வரிகளின் மேல்.

விளக்குகிறேன். ஒரு கணினிக்கு இன்னொரு கணினியின் பெயர் தெரியும், முகவரி தெரியாது. டிஎன்எஸ் என்ற விசாரணை ஏற்பாட்டிடம் கேட்கும். பதில், பைட் எனப்படும் எண்களை வரிசையாக அடுக்கிய ஒரு மூட்டையாக வரும். அந்த மூட்டையைப் பிரித்துப் பெயரையும் முகவரியையும் தனித்தனியாக எடுத்து வைப்பதே என் திருப்பணி. பத்தொன்பது வயதுவரை அப்பாவோடும் அண்ணனோடும் கிடங்கில் நிஜ மூட்டை தூக்கியவன் நான். இந்த மூட்டைக்கு நாற்காலி போடுகிறார்கள். அதனால் சொந்தக்காரர்கள் இதை 'முன்னேற்றம்' என்கிறார்கள்.

பதில் எழுதுகிறவர்கள் சிக்கனக்காரர்கள். ஒரு பெயரை இரண்டாம் முறை முழுதாக எழுத மாட்டார்கள். 'மீதிக்குப் பன்னிரண்டாம் பைட்டைப் பார்க்கவும்' என்று குறிப்பு வைத்துவிடுவார்கள். என் வரிகள் பணிவோடு அங்கே போய்ப் பார்க்கும். அரசு அலுவலகத்தில் மேசை மேசையாக அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல.

எழுதியதைச் சரிபார்ப்பவர் ஓர் அக்கா. எங்கள் குழுவிலேயே சந்தேகப்படும் கெட்ட பழக்கம் அவருக்கு மட்டும்தான்.

"தம்பி, பன்னிரண்டைப் பாருங்கிற குறிப்பே பன்னிரண்டாவது இடத்துல இருந்தா?"

"பன்னிரண்டைப் பார்ப்போம், அக்கா."

"பார்த்தா?"

"அதுதான் சொல்லுதே, பன்னிரண்டைப் பாருன்னு."

"அப்புறம் எப்ப வெளியே வரும்?"

"அப்படி எழுதக் கூடாதுன்னு விதி இருக்குக்கா. விதியை மீறி எவன் எழுதுவான்?"

விஷயம் கூட்டத்துக்குப் போனது. எத்தனை முறை தாவினோம் என்று எண்ணி, அளவு மீறினால் நிறுத்த இரண்டே வரி சேர்த்தால் போதும் என்றார் அக்கா. எங்கள் நூலகம் சிறியது என்பதுதான் அதன் புகழ். மலிவான சின்னக் கணினிப் பொட்டிகளில் எல்லாம் அடங்கிவிடும். 'இரண்டு வரி என்பது கொழுப்பு' என்று நான் உரையாற்றினேன். கைதட்டினார்கள். நூலகம் ஒல்லியாகவே வெளியானது.

அடுத்த வெளியீட்டுக்காக, வரித் தொடக்கத்தில் நான்கு இடைவெளியா எட்டா என்று மூன்றாவது கூட்டம் நடந்துகொண்டிருந்த காலையில் அண்ணன் போன் செய்தான். அவன் இன்னும் அதே கிடங்கில்தான் தூக்குகிறான்.

"டேய், வாசல் கேட்டுல வருகைக்கு விரல் வைக்கிற பொட்டி நின்னு போச்சு. நாப்பது பேர் வெளியே நிக்கிறோம். பத்து மணிக்குள்ள ரேகை விழலைன்னா ஆப்சென்ட். எனக்கு ஏற்கெனவே ரெண்டு ஆயிடுச்சு."

மூன்றானால் பட்டியலில் பெயர் இருக்காது. அந்த இரண்டில் ஒன்று இடுப்புப் பிடித்த நாள். மற்றது மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள்.

"அணைச்சுட்டுப் போடச் சொல்லுண்ணே."

"அஞ்சு தடவை போட்டாச்சு. தலைமை ஆபீஸ் முகவரியைத் தேடுறேன்னு காட்டிட்டுச் சுத்திக்கிட்டே இருக்கு."

பொட்டியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எழுத்தெழுத்தாகப் படித்தான். அந்த மாடலுக்குள் எங்கள் நூலகம்தான் இயங்குகிறது என்று ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சிட்டிருக்கிறோம். அந்த வாக்கியமும் என்னுடையதே.

"என்னடா, பொட்டில என்ன கோளாறு?"

"பொட்டி மேல தப்பில்லைண்ணே. வந்த பதிலே கோணலா வந்திருக்கு. அனுப்பினவன் தப்பு."

"சீட்டுல அம்பது கிலோன்னு இருக்கும், மூட்டை எழுபது இருக்கும். முனையைப் பிடிச்சு அசைச்சுப் பார்க்காம எவன்டா முதுகுல ஏத்துவான்? நீயே ஏத்த மாட்டியே."

"விதிப்படி பார்த்தா..."

"மணி பத்தாயிடுச்சு" என்று வைத்துவிட்டான்.

அன்று மதியமே அந்த இரண்டு வரிகளைச் சேர்த்தேன். நூலகம் அப்படியொன்றும் பருத்துவிடவில்லை. குறைபாட்டு அறிக்கையை நானே நிரப்பினேன். 'கண்டறிந்தவர்': நான். 'பாதிக்கப்பட்டோர்': எவருமில்லை. ஒரே நாளில் கண்டறிந்து ஒரே நாளில் தீர்த்த 'விழிப்புணர்வை' மெச்சி, மறுவாரம் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தந்தார்கள். அக்கா மட்டும் அறிக்கையைப் படித்திருந்தார்.

"எவருமில்லைன்னு எப்படிப்பா தெரியும்?"

"புகார் எதுவும் வரலையேக்கா."

நான் பொய் சொல்லவில்லை. புகார் வரவில்லைதான். சான்றிதழோடு வீட்டுக்குப் போனபோது அண்ணன் பகல் வெளிச்சத்தில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். கிடங்குப் பட்டியலில் அவன் பெயரை அடித்து ஆறு நாளாகிறது.

"என்னடா அது?"

"ஆபீஸ்ல கொடுத்தாங்க. ஒரு தப்பைக் கண்டுபிடிச்சேன்னு."

சான்றிதழை வாங்கி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் பெயரை மட்டும் இரண்டு முறை படித்தான்.

"சுத்தியல் எங்க இருக்கு? நானே மாட்டிவிடுறேன். எனக்குத்தான் இப்ப வேலை ஒண்ணும் இல்லையே."