பல் வைத்த தோசைக்கல்

பிள்ளை பெற்றவளின் காதை யாரும் நம்புவதில்லை.

நம்பாததற்குக் காரணமும் உண்டு. யாழினி பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்த சத்தங்கள் அப்படி. சிலிண்டர் கசிகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் குக்கர். குழந்தை மூச்சு விடாத சத்தம் கேட்டது. "மூச்சு விடாததுக்கு ஏது யமுனா சத்தம்?" என்றார் என் கணவர் பூவரசன். எழுப்பிப் பார்த்தேன். நன்றாகவே மூச்சு விட்டாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

ஆகவே, காரிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது என்று நான் சொன்னபோது அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"சூடு இல்லையே."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வண்டிக்குத்தான்."

"எங்க, கேட்போம்." ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எங்கள் உத்திர வீதியே அதிர்ந்தது. "கேட்குதா?"

"இப்ப கேட்கலை."

"அதான் சொல்றேன்." காலை எடுத்தார்.

டொக். டொக்-டொக்.

"இதோ!"

மறுபடி மிதித்தார். "எங்க?"

அந்தச் சத்தத்தின் குணம் அப்படி. மிதித்தால் வாயை மூடிக்கொள்ளும். காலை எடுத்தால் பேசும். அவரோ காலை எடுப்பதே இல்லை.

அது பழைய ஆட்டோமேட்டிக் கார். அதை ரேஸ் வண்டி ஆக்குவது அவருடைய லட்சியம். பகலெல்லாம் ஊராருக்கு ஆபத்தைப் பற்றிச் சொல்லி இன்ஷூரன்ஸ் விற்பவருக்கு, சாயங்காலம் ஆனால் இதுதான் பொழுது. காவிரிப் பாலத்து நெரிசலில் அந்த வண்டி இருபதைத் தாண்டியதில்லை. வேகமெல்லாம் எங்கள் வாசலில் நின்ற இடத்திலேயேதான்.

போன ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், ஓரமெல்லாம் பல் வைத்த ஒரு தோசைக்கல்.

"இதுல தோசை திரும்புமாங்க?"

"ஃப்ளெக்ஸ்பிளேட்டும்மா. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற தகடு. கம்பெனித் தகடு நம்ம வண்டி பலத்துக்குத் தாங்காது. இது வெளியில தனியா செஞ்சது. ஆன்லைன்ல வாங்கினேன். இருநூறு குதிரை தாங்கும்."

"ஒரு குழந்தையைத் தாங்குமா?"

தென்னூரில் பட்டறை வைத்திருக்கும் பரக்கத் அலி பாய் அதை மாட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் டொக்.

இப்படி வெளியில் வாங்குகிற தகடுகளில் போல்ட் தளர்ந்துபோவது உண்டு என்று போனில் படித்தேன். தகடு உடைந்தால் எஞ்சின் ஓடுமாம், வண்டி நகராதாம். படித்ததிலிருந்து கண்ணை மூடினால் கொள்ளிடம் பாலம். நடுப்பாலத்தில் நாங்கள். பின்னால் மணல் லாரி. என் மடியில் யாழினி.

ஏனென்றால் அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் லால்குடிப் பக்கத்தில் இவர் வீட்டுக் குலதெய்வத்துக்கு மொட்டை, காதுகுத்து.

"பஸ்ஸுல போயிடலாங்க."

"வாசல்ல ரேஸ் வண்டியை வச்சுக்கிட்டு பஸ்ஸா? எங்க பெரியப்பா சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். உயிரோட போய் நின்னு கேட்டுக்கலாம்."

"உனக்குப் பயம் யமுனா. டாக்டரே சொன்னாங்கல்ல, பிரசவத்துக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும்னு."

அதுதான் என்னை உறுத்தியது. குக்கர் மாதிரி இதுவும் என் மண்டைக்குள்தான் கேட்கிறதோ? அப்படியானால் நாளைக்கு என் பிள்ளை நிஜமாகவே திணறினால்? அதையும் பிரமை என்று நினைத்து நான் புரண்டு படுத்துவிடுவேனா? லாரியைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

நான் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே சண்டை போடச் சொல்லித் தரவில்லை. வாய்மேல் விரல் வைத்து உட்காரத்தான் சொல்லித் தந்தார்கள். கடைசியில் அதுதான் கைகொடுத்தது.

தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியெல்லாம் கதறிய யாழினி, வீட்டு வாசலில் கார் நிற்கும்போது அப்படியே தூங்கிப்போனாள். அவர் சாவியில் கை வைத்தார்.

"அய்யோ, நிறுத்தாதீங்க!" என்று கிசுகிசுத்தேன். "எஞ்சின் நின்னா முழிச்சுக்குவா. ஊசி வலி வேற."

"சரி." கால் ஆக்ஸிலேட்டருக்குப் போனது.

"மிதிக்காதீங்க! முழிச்சுக்குவா."

கை ரேடியோவுக்குப் போனது. நான் உதட்டில் விரலை வைத்தேன்.

மிதிக்க முடியாது. பாட்டுக் கேட்க முடியாது. பேச முடியாது. என் கணவர் முதன்முறையாகத் தன் வண்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டொக். டொக்-டொக். டொக்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை துளிர்த்தது அவருக்கு.

மாடியில் குடியிருக்கும் அமலராணி அக்கா காய்கறிப் பையோடு வந்தவர், ஜன்னலில் குனிந்தார். "என்ன பூவரசன், டிக்கியில யாரையாச்சும் வச்சுப் பூட்டிட்டீங்களா? உள்ளேருந்து தட்டுறாங்களே!"

"அது... பெர்ஃபார்மன்ஸ் வண்டிக்கா. அப்படித்தான் இருக்கும்."

"சீக்கிரம் தொறந்து விடுங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு அக்கா மாடிக்குப் போனார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொருத்திக்கும் கேட்கிறது!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "டயருக்குக் காத்துப் பிடிச்சுட்டு வரேன்" என்று காலையில் கிளம்பியவர் மத்தியானம் வரை வரவில்லை. யாழினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் தென்னூர்ப் பட்டறைக்குப் போனேன்.

பரக்கத் அலி பாய் அவசரமாக எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாம்மா. சார் காத்துப் பிடிக்க வந்தாரு."

"கியர்பாக்ஸைக் கீழ இறக்கிட்டா பாய் காத்துப் பிடிப்பாங்க?"

பாய் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் டயரைப் பார்த்தார்.

தரையில் ஒரு துணிமேல் தோசைக்கல் கிடந்தது. அதைப் பிடித்த போல்ட்டுகளையெல்லாம் விரலாலேயே திருகி எடுத்தாராம் பாய். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மஞ்சளாக ஏதோ உதிர்ந்திருந்தது. தொட்டு முகர்ந்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்குத் தகட்டை சாமி முன்னால் வைத்து, ஓட்டைக்கு ஒரு பொட்டாக, முன்னும் பின்னும் அப்பியிருக்கிறார் மனிதர்!

"மாட்டுறப்ப நீங்களாச்சும் துடைச்சிருக்கக் கூடாதா பாய்?"

"துணியைக் கையில எடுத்தேம்மா. 'சாமிக்கு வச்சது, துடைக்காதீங்க'ன்னாரு சார். ஆண்டவன் பேரால வச்சதாச்சே, நாம எப்படி அழுக்குத் துணியால துடைக்கிறதுன்னு அப்படியே வச்சு முறுக்கிட்டேன். தகடும் எஞ்சின் இரும்பும் நேருக்கு நேர் ஒட்டணும். நடுவுல சந்தனம் காஞ்சு உதிர்ந்து, போல்ட்டுக்குப் பிடி இல்லாம போச்சு. என் தப்பும்தான்."

இவர் மனம் நோகக் கூடாது என்று அவர், சாமி மனம் நோகக் கூடாது என்று இவர். நொந்தது போல்ட்.

"ஏங்க, ஒரு பொட்டு போதாதா? ஓட்டைக்கு ஒண்ணா?"

"பாப்பா உட்காரப்போற வண்டி" என்றார், குரல் உள்ளே போய். "ஒரு போல்ட்டைக்கூட சாமி பார்க்காம விட்டுடக் கூடாதுன்னுதான்..."

திட்டுவதற்கு ஆட்டோவில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. யாழினியை அவர் கையில் கொடுத்தேன். கிரீஸ் கையோடு எப்படி வாங்குவது என்று தெரியாமல் முழங்கையால் வாங்கிக்கொண்டார்.

கம்பெனித் தகடே திரும்ப ஏறியது. புது போல்ட், அதைப் பிடித்துக்கொள்ளப் பசை, அளந்து முறுக்குகிற ஸ்பேனர். சந்தனம் ஸ்டியரிங்குக்கு மட்டும்.

காதுகுத்துக்குக் காரிலேயே கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் வந்தது, போனது. வண்டி கோவில் யானை மாதிரி சத்தமில்லாமல் நடந்தது. கத்தியது யாழினிதான்.

பால் கொடுத்தேன். கிலுகிலுப்பை ஆட்டினேன். பாடினேன். டோல்கேட் தாண்டியும் ஓயவில்லை. வழக்கமாகக் காரில் ஏறியதும் தூங்குகிறவள். அப்புறம்தான் உறைத்தது: இத்தனை நாளாக அவளுக்குத் தாலாட்டே அந்த டொக்தான்!

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து, "டொக்" என்றார். "டொக்-டொக். டொக்."

அச்சு அசல். நடுவில் அந்தச் சின்னத் தயக்கம்கூட இருந்தது. யாழினியின் கண் சொருகியது.

"பரவாயில்லையே! அன்னைக்கு ஒரு தடவை கேட்டதுக்கே இவ்வளவு கரெக்டா வருதே?"

பாராட்டினால் அவருக்குத் தலைகால் புரியாது. "ஒரு தடவையா? மாட்டின மறுநாள்லேருந்து ஆபீஸ் போறப்ப வர்றப்ப இதைத்தானே கேட்டுக்கிட்டு..."

நிறுத்திக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அப்ப, எனக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சு." ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தார். "பயந்துட்டேன் யமுனா. நீ ஏற்கெனவே பயந்துபோயிருந்தே. நானும் பயந்தா உனக்கு யாரு தைரியம் சொல்றதுன்னு..."

என் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பயந்தவளும் நான் மட்டும் இல்லை. அவர் தோளைத் தொடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் மடியில் யாழினி நெளிந்தாள். கீழுதடு பிதுங்கியது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க" என்றேன். "லால்குடி வர்ற வரைக்கும் நீங்க வேற எதுவும் பேசக் கூடாது. ம், டொக்."